சேர்வராயன் மலையில் ஜியோகேச்சிங்: கைபேசி போதுமா, தனி ஜிபிஎஸ் கருவி வேண்டுமா?

ஒருவர் ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் உதவியோடு மற்றவர்கள் தேடும் விளையாட்டு ஜியோகேச்சிங். ஏற்காட்டுப் பக்கம் அந்தப் பெட்டிகளைத் தேடத் தொடங்குபவர்கள் இரண்டாவது மூன்றாவது பயணத்திலேயே ஒரு கேள்வியோடு வருகிறார்கள். கையில் இருக்கும் கைபேசியே போதுமா, அல்லது தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்கியே ஆக வேண்டுமா? நானும் நண்பர்கள் மூவரும் சேலத்திலிருந்து சில ஆண்டுகளாக மலையேறிப் பெட்டிகளைத் தேடியும் ஒளித்து வைத்தும் வருகிறோம். இரண்டு வகைக் கருவிகளையும் வெயிலிலும் மழையிலும் பயன்படுத்தியிருக்கிறோம். அந்த அனுபவத்தில் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு, கடைக்காரர்கள் சொல்வதிலிருந்து சற்று மாறுபட்டது: துல்லியத்துக்காகத் தனிக் கருவி வாங்க வேண்டாம், மலையில் ஒரு முழுநாள் தாக்குப்பிடிப்பதற்காக வேண்டுமானால் வாங்கலாம்.

புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. 2000 மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்கள் பெறும் ஜிபிஎஸ் அலைகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. இருப்பிடம் 100 மீட்டர் வரை தவறிக் காட்டும். அந்தக் கலப்பை மே 2 அன்று நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு வாளியில் சில பொருள்களை வைத்து, அதன் ஆயத்தொலைவுகளை, அதாவது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, இணையத்தில் அறிவித்தார். அப்படித்தான் இந்த விளையாட்டு பிறந்தது. ஒளித்து வைத்த பெட்டியைக் கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயரும் தேதியும் எழுதுவார். ஏதேனும் ஒரு பொருளை எடுத்தால் அதற்கு இணையான இன்னொன்றை வைப்பார். பெட்டியை இருந்த இடத்திலேயே மறைத்துவிட்டு வருவார்.

கருவிகளை ஒப்பிடும் முன் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் அலைகள் நம்மை அடையும்போது மிகவும் மெலிந்திருக்கும். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அலைகள் கிடைத்தால்தான் கருவி தன் இடத்தைக் கணக்கிட முடியும். அவை வானத்தில் நாலாபக்கமும் பரவியிருந்தால்தான் கணக்கு நன்றாக அமையும். சேலம் நகரத்தில் ஒரு திறந்த மைதானத்தில் நின்றால் எந்தக் கருவியும் மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் காட்டிவிடும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதேனும் ஒன்றில் நின்று பாருங்கள். ஒருபுறம் வெட்டிய பாறைச் சுவர் பாதி வானத்தை அடைத்துக்கொள்கிறது, மறுபுறம் பள்ளத்தாக்கு. அப்போது ஒரே திசையில் உள்ள செயற்கைக்கோள்களை மட்டும் நம்பிக் கருவி கணக்குப் போட வேண்டியிருக்கிறது. பாறையில் பட்டுத் திரும்பும் அலைகளும் சேர்ந்து குழப்புகின்றன.

காபித் தோட்டங்களில் சிக்கல் வேறு விதம். மேலே சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகள், நடுவே பலாமரங்கள், கீழே காபிச் செடிகள் என்று தழை அடுக்கடுக்காக இருக்கிறது. கோடையில் இதே இடத்தில் ஐந்தாறு மீட்டர் பிழை காட்டும் கருவி, வடகிழக்குப் பருவமழையில் இலைகள் நனைந்து நீர் சொட்டும்போது பத்துப் பதினைந்து மீட்டர் வரை தடுமாறும். இலையில் இருக்கும் நீர் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்வதே காரணம். எனவே, விளம்பரத்தில் எழுதியிருக்கும் துல்லியத்தை வைத்து கருவியைத் தேர்ந்தெடுப்பவர், ஏற்காட்டுக்காக வாங்கும் பொருளை மைதானத்தில் சோதித்தவர் ஆகிறார்.

இனி கைபேசி. இன்றைய நடுத்தர விலைக் கைபேசிகள் ஜிபிஎஸ் மட்டுமின்றி, ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய அதே வகைச் செயற்கைக்கோள் அமைப்புகளின் அலைகளையும், பல கைபேசிகள் நம் நாட்டின் நாவிக்கையும் சேர்த்தே பெறுகின்றன. அவற்றுள் சில, எல்1 என்னும் பழைய அலைவரிசையோடு எல்5 என்னும் இரண்டாவது அலைவரிசையையும் பிடிக்கின்றன. எல்5 அலையில் வரும் குறியீடு பத்து மடங்கு வேகமானது. அதனால் நேராக வந்த அலை எது, பாறையில் பட்டுத் திரும்பிய அலை எது என்று பிரித்தறிவது கருவிக்கு எளிதாகிறது. இத்தகைய கைபேசி, மரநிழலில், ஒரே அலைவரிசையில் இயங்கும் தனிக் கருவியை விடச் சரியாகக் காட்டுவதைப் பலமுறை பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். உங்கள் கைபேசி எந்த வகை என்று தெரிய, ஜிபிஎஸ்டெஸ்ட் போன்ற இலவசச் செயலியை மொட்டைமாடியில் நின்று திறந்தால் போதும்; எந்தெந்த செயற்கைக்கோளிலிருந்து எந்த அலை வருகிறது என்று பட்டியலிடும்.

அதே செயலியில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: கைபேசியில் காந்தத் திசைகாட்டி இருக்கிறதா? விலை குறைந்த பல கைபேசிகளில் அது இருப்பதில்லை. அது இல்லாவிட்டால், நீங்கள் நடக்கும்போது மட்டுமே அம்புக்குறி சரியாகத் திரும்பும். நின்றுவிட்டால் எந்தத் திசையைப் பார்க்கிறீர்கள் என்று கருவிக்குத் தெரியாது. பெட்டிக்குப் பத்து மீட்டர் தொலைவில், நிற்பதும் குனிவதும் திரும்புவதுமாக இருக்கும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் இந்தக் குறை முழுதாக வலிக்கும்.

கைபேசியின் உண்மையான பலவீனங்கள் வேறு. முதலாவது, சிக்னல். ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் செயற்கைக்கோள்களின் இருப்பிடத் தகவலைக் கைபேசி வழக்கமாக இணையம் வழியே நொடியில் பெற்றுக்கொள்கிறது. கோபுர சிக்னல் எட்டாத சரிவில் அணைத்துத் திறந்தால், அந்தத் தகவலை வானத்திலிருந்தே மெல்லப் படித்தாக வேண்டும். மரநிழலில் அதற்குப் பல நிமிடம் பிடிக்கும். அஸ்தம்பட்டியிலிருந்து புறப்படும் முன்பே வீட்டு வாசலில் ஒருமுறை இருப்பிடத்தைப் பிடிக்கவைத்துவிட்டு, பயணம் முழுதும் அணைக்காமல் இருப்பது இதற்கு மாற்று. வரைபடத்தையும் அப்படியே முன்கூட்டி இறக்கி வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற இலவசச் செயலியில், ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தையும், தேடப்போகும் பெட்டிகளின் விவரம், குறிப்பு, முன்பு தேடியவர்களின் பதிவுகள் எல்லாவற்றையும் இறக்கிச் சேமித்துக்கொண்டால், இணையமே இல்லாமல் ஒரு நாள் முழுதும் தேடலாம்.

இரண்டாவது, பேட்டரியும் வெப்பமும். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயிலில் பைக் கைப்பிடியில் மாட்டிய கைபேசி சூடேறித் திரையை மங்கலாக்கிக்கொள்ளும். சில நேரம் தானே அணைந்துவிடும். திரையை முழு வெளிச்சத்தில் வைத்து நான்கைந்து மணி நேரம் தேடினால், மாலையில் வீட்டுக்குப் பேசவும் கைபேசியில் உயிர் இருக்காது. மூன்றாவது, மழை. ஈர விரலைத் தொடுதிரை மதிப்பதில்லை. திரையில் விழும் மழைத்துளியை விரலென்று எடுத்துக்கொண்டு வரைபடத்தை எங்கோ இழுத்துப் போய்விடும். வழுக்குப் பாறையில் ஒரு கையால் வேரைப் பற்றிக்கொண்டு மறு கையால் அதைச் சரிசெய்வது ஆபத்தான வேலை.

பேட்டரி, வெயில், மழை ஆகிய இந்த இடங்களில்தான் தனிக் கருவி தன் விலைக்கு நியாயம் செய்கிறது. கார்மின் நிறுவனத்தின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் என்ற கருவி 2 பென்சில் பேட்டரிகளில் சுமார் 25 மணி நேரம் இயங்கும். தீர்ந்தால், ஏற்காடு ஒண்டிக்கடை ரவுண்டானா அருகே எந்த மளிகைக் கடையிலும் பேட்டரி கிடைக்கும். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாத அளவுக்கு அதன் உடல் மூடப்பட்டிருக்கிறது. அதன் திரை வெயில் கூடக் கூடத் தெளிவாகத் தெரியும் வகையைச் சேர்ந்தது. பொத்தான்களால் இயங்குவதால் ஈரமும் கையுறையும் தடையில்லை. கைதவறிக் கீழே விழுந்தால் பதைக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் 22எக்ஸில் காந்தத் திசைகாட்டி கிடையாது. அதன் அண்ணன் 32எக்ஸில் எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் வேலை செய்யும் திசைகாட்டியும், காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் மானியும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாட்டைச் சேமிக்க நினைக்காதீர்கள் என்பதே என் அழுத்தமான கருத்து. திசைகாட்டியின் தேவையை மேலே சொல்லிவிட்டேன். உயரமானி சமவெளியில் அலங்காரம். சேர்வராயனில் அது உதவியான பொருள். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு சாலைக்கு நேர் மேலே இன்னொரு சாலை போகிறது. கருவி 25 மீட்டர் என்று காட்டும் தொலைவு தரைப்படத்தில் கிடைமட்டமாக அளந்தது. பெட்டியோ மேல் சாலையின் தடுப்புச் சுவரில், நீங்கள் ஏறவே முடியாத பாறைக்கு மேலே இருக்கலாம். நிற்கும் உயரம் தெரிந்தால், வரைபடத்தின் சமஉயரக் கோடுகளோடு ஒப்பிட்டு, கீழே தேடுகிறோமா மேலே தேடுகிறோமா என்று முடிவு செய்யலாம். ஜிபிஎஸ்ஸிலிருந்து மட்டும் கணக்கிடும் உயரத்தில் பிழை அதிகம் என்பதால், இதற்குக் காற்றழுத்தமானியே நம்பகமானது. உயரம் தெரிந்த ஓர் இடத்தில் காலையில் ஒருமுறை சரிசெய்துகொள்ள வேண்டும். வானிலை மாறினால் மறுபடியும்.

இரண்டு அலைவரிசையும், திசைகாட்டியும், உயரமானியும், மாற்றக்கூடிய பேட்டரியும் ஒன்றாக வேண்டுமென்றால் கார்மினின் ஜிபிஎஸ்மேப் 65எஸ் போன்ற கருவிக்குப் போக வேண்டும். அதன் பேட்டரி 16 மணி நேரம்தான் வரும், விலையும் நன்றாகவே கூடும். தேடுவதற்கு மட்டும் அது தேவையில்லை. அடிக்கடி பெட்டி ஒளித்து வைப்பவருக்குத் தகும். 2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்இ கருவி 168 மணி நேரம் தாங்குகிறது என்றாலும், வரைபடத்துக்குக் கைபேசியையே சார்ந்திருக்கிறது. பலநாள் நடைப்பயணிக்கு அது வரம்; காலையில் ஏறி மாலையில் இறங்கும் நமக்கு அவ்வளவு நீண்ட ஆயுளால் பெரிய பயனில்லை. ஜிபிஎஸ் கைக்கடிகாரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: நடந்த தடத்தைப் பதிவு செய்ய நன்று, சிறிய திரையில் பெட்டியின் குறிப்பைப் படித்துத் தேடச் சிரமம்.

ஒன்றை மட்டும் வாங்கவே கூடாது. சில உயர்விலைக் கருவிகளில் ஜிபிஎஸ்ஸோடு செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் இன்ரீச் வசதியும் இணைந்திருக்கும். வெளிநாட்டு மலையேற்றக் காணொலிகளில் அதைப் பெரிதாகப் பரிந்துரைப்பார்கள். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அத்தகைய கருவியை வைத்திருப்பது சட்டவிரோதம். அத்தகைய கருவியோடு விமான நிலையத்துக்கு வந்த பயணிகள் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் கருவி வாங்கி வரச் சொல்பவர்கள் மாதிரியின் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். ஜிபிஎஸ்மேப் 66எஸ் (66s) வேறு, 66ஐ (66i) வேறு. பின்னதில்தான் இந்த வசதி இருக்கிறது.

எந்தக் கருவியானாலும், அதில் எண்களை எப்படி உள்ளிடுகிறோம் என்பதே அதன் விலையை விட முக்கியம். ஜியோகேச்சிங்கில் ஆயத்தொலைவுகள் டிகிரியும் தசம நிமிடமுமாக எழுதப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, ஏற்காட்டில் ஓர் இடம்: வடக்கு 11° 46.500′, கிழக்கு 78° 12.600′. இதில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் 1.85 மீட்டர் நகரும். இதையே தசம டிகிரி என்று எண்ணிக் கைபேசி வரைபடத்தில் 11.46500, 78.12600 என்று உள்ளிட்டால், வரைபடம் உங்களை 30 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே தள்ளி, மலையிலிருந்து இறக்கி, ராசிபுரத்துப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும். அந்தப் பிழை உடனே கண்ணில் பட்டுவிடும் என்பதால் தீங்கில்லை. 46.500 நிமிடத்தை 46 நிமிடம் 50 விநாடி என்று படிப்பதுதான் ஆபத்து. அது 600 மீட்டருக்கு மேல் வடக்கே கொண்டுபோகும், நீங்களோ சரியான மலையில்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

எங்களுக்கு நாகலூர் பக்கம் நேர்ந்தது இதுதான். நண்பர் கைபேசியில் கையால் உள்ளிட்ட எண்ணை நம்பி, காபிச் செடிகளுக்கு இடையே இரண்டு மணி நேரம் கல்லையும் வேரையும் புரட்டிக்கொண்டிருந்தோம். திரையில் தொலைவு 7 மீட்டர் என்றது. இரண்டடி வைத்தால் 4. அசையாமல் நின்றால் தானாக 11 ஆனது. தோட்டத்துக் காவல்காரர் ஒருவர் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“ஏனுங்க தம்பி, எதைத் தொலைச்சுட்டீங்க? சொன்னா நானும் பார்க்கறேனுங்க.”

“தொலைக்கலைங்கய்யா, ஒருத்தர் ஒளிச்சு வெச்ச டப்பாவைத் தேடறோம்” என்று சொல்லிக் கைபேசியைக் காட்டினேன்.

“தேடுங்க. அஞ்சு மணிக்குள்ள ரோட்டுக்குப் போயிருங்க. காட்டுமாடு இந்த வழியாத்தான் இறங்கும்.”

அந்த ஒரு வாக்கியத்தைத் தரும் கருவி எதுவும் சந்தையில் இல்லை. அன்றிலிருந்து தோட்டத்துக்குள் கால் வைக்கும் முன் அங்கே இருப்பவரிடம் சொல்லி, அனுமதி கேட்டுவிட்டே நுழைகிறோம். எண்களைக் கையால் உள்ளிடுவதையும் விட்டுவிட்டோம். கருவி தானே படித்துக்கொள்ளும் ஜிபிஎக்ஸ் கோப்பாக நேரே இறக்கிக்கொள்கிறோம். கையால் உள்ளிட நேர்ந்தால் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சரிபார்க்கிறார்.

எண்கள் தடுமாறும் இடத்தில் கருவியைத் துரத்தி ஓடக்கூடாது. 15 மீட்டர் இருக்கும்போதே நின்று, கருவியை ஒரு கல்மேல் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் காத்திருங்கள். அம்பு காட்டும் திசையில் ஒரு மரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு பக்கமாகச் சுற்றி வந்து இதையே செய்யுங்கள். இரண்டு திசைகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தைச் சுற்றி, கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணால் தேடுங்கள்: மற்றக் கற்களில் பாசி படர்ந்திருக்க ஒன்றில் மட்டும் இல்லாதது, பலாமரப் பொந்தில் இயல்பாக விழாத சுள்ளிகள். சேலத்துக்கு மேற்கே கஞ்சமலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. அந்த மலையில் காந்தத்தன்மையுள்ள இரும்புத்தாதுப் பாறைகள் இருப்பதால், பாறைக்கு அருகே திசைகாட்டியை நம்ப முடியாது. அங்கே நடந்துகொண்டே ஜிபிஎஸ் காட்டும் திசையைப் பார்ப்பதே நல்லது.

ஒளித்து வைப்பவரின் பொறுப்பு இன்னும் பெரியது. தேடுபவரின் கருவியில் உள்ள பிழையோடு வைத்தவரின் பிழையும் கூடிக்கொள்ளும். தனிக் கருவிகளில் ஒரே இடத்தின் அளவுகளைத் தொடர்ந்து எடுத்துச் சராசரி காணும் வசதி இருக்கிறது. ஐந்து நிமிடம் எடுத்து, வேறொரு நாளில் வேறொரு நேரத்தில் மறுபடியும் எடுத்தால், செயற்கைக்கோள்களின் நிலை மாறியிருக்கும், சராசரியும் சீராகும். இரண்டு பெட்டிகளுக்கு இடையே 161 மீட்டராவது இருக்க வேண்டும் என்பது விதி. பெட்டிக்கு நான் பரிந்துரைப்பது நான்கு பக்கமும் பூட்டும், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டப்பா. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் உறுதியானதுதான். ஆனால் பொது இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் எவர்சில்வர் டப்பா யாரையும் கலங்கடிக்கும், காவல்துறைக்குத் தொலைபேசி போகும். உள்ளே இது என்ன விளையாட்டு என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய சீட்டு இருக்கட்டும். தின்பண்டம் வைக்காதீர்கள், குரங்கும் எறும்பும் உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றி நுழைவதும் வைப்பதும் கூடவே கூடாது.

துணைப் பொருள்களில் விலை குறைந்தவையே அதிகம் உதவுகின்றன. ஈரத் தாளில் பேனா எழுதாது, பென்சில் எழுதும். பொந்தில் கையை விடும் முன் கைத்தடியால் தட்டிப் பார்ப்பதும், டார்ச் அடித்துப் பார்ப்பதும் பாம்புக் கடியைத் தவிர்க்கும் வழிகள். நெற்றியில் கட்டும் டார்ச் இரண்டு கையையும் விடுவிக்கும். மிகச்சிறிய டப்பாவிலிருந்து சுருட்டிய தாளை எடுக்கப் புருவம் திருத்தும் இடுக்கி போதும். மழைக்காலத்தில் அட்டைப்பூச்சிக்குக் கொஞ்சம் உப்பு, குறிப்பேட்டை மாற்ற உலர்ந்த தாளும் ஜிப் வைத்த உறையும், கைபேசிக்குப் பவர் பேங்க். அடிக்கடி போகிறவர் மறுபடி சார்ஜ் செய்யும் பென்சில் பேட்டரி வாங்கிவிடலாம்; கருவியின் அமைப்பில் பேட்டரி வகையை அதற்கேற்ப மாற்றாவிட்டால், மீதம் எவ்வளவு என்று தவறாகக் காட்டும்.

ஆக, மாதம் ஒருமுறை குடும்பத்தோடு ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று பார்த்துக்கொண்டே ஓரிரு பெட்டிகளைத் தேடுபவருக்குக் கைபேசியும் பவர் பேங்கும் தாராளம். கல்லூரி மாணவர்கள், அடுத்து எப்படியும் கைபேசி மாற்றப்போகிறவர்கள் என்றால், இரண்டு அலைவரிசையும் திசைகாட்டியும் உள்ள கைபேசியாகப் பார்த்து மாற்றிக்கொண்டால் தனிக் கருவிக்கான பணம் மிச்சம். மழையிலும் தோட்டங்களிலும் சுற்றுபவர்கள், தனியாகப் போகும் பழக்கம் உள்ளவர்கள், பெட்டி வைத்துப் பராமரிப்பவர்கள் 32எக்ஸ் வாங்கட்டும்; கைபேசியை அவசரப் பேச்சுக்காகப் பையில் முழு சார்ஜோடு வைத்திருக்கட்டும்.

பழைய கருவி வாங்குபவர்கள் பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா, பொத்தான்கள் எல்லாம் அழுந்துகின்றனவா என்று பாருங்கள். தேதியையும் பாருங்கள்: ஜிபிஎஸ்ஸின் வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் அப்படித் தொடங்கியபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத சில பழைய கருவிகளில் தேதி கிட்டத்தட்ட 20 ஆண்டு பின்னால் போய்விட்டது. பிறகு திறந்த வெளியில் தரையில் ஒரு செங்கல்லை வைத்து, அதன் இடத்தைக் கருவியில் குறித்துக்கொண்டு, தெருவைச் சுற்றிவிட்டு வந்து கருவி காட்டும் இடத்துக்கே நடந்து போங்கள். மூன்று முறை செய்து, மூன்று முறையும் ஐந்து மீட்டருக்குள் செங்கல்லிடம் வந்து நின்றால் பணத்தைக் கொடுக்கலாம்.